நம்ம ஆளுக்குக் கடைசி

அதல்ல சரசு, நீ போன்ல வாசிச்சது எனக்கு நல்லாக் காதுல விழுந்திச்சு. ஆலுஸ்டாரு புட்பால் மாட்சுக்கு அந்தச் சடைமுடிக்காரப் பயலயும் எடுத்திருக்கான், இல்லியா? முட்டில கட்டுப் போட்டுக்கிட்டு சீசன் பூரா வெளிய உக்காந்திருந்தானே, அவன்தானே? பின்ன! அவன் வந்து என்னத்த ஆடுவான், ஒத்தக்கால்ல பாண்டி ஆடுவானா? எட்டி, நீயும் அவனுக்குத்தானே போன்ல ஓட்டு குத்தின? சிரிக்காத. உன் மூஞ்சியே சொல்லுது. முடிக்காக ஓட்டு குத்துனவ நீ ஒருத்தி இல்ல, ஊருல பாதிப் பொம்பளைய இருப்பாளுவ.

இரு, இரு, மாவு ஆவட்டும். நாளைக்கு ஆடி வாவு, செத்தவங்களுக்குப் பலி போடுற அமாவாசை. இன்னைக்கு எல்லா வீட்லயும் ஒருநேரம்தான் சோறு, ராத்திரிக்கு தோசைதான். வருசத்துல இந்த ஒரு நாளு வலியசாலைத் தெரு பூரா என் வீட்டு வாசல்லதான் நிக்கும். கிரைண்டரு சுத்துது, உளுந்து இன்னும் பொங்கல. நீ அந்த முக்காலில உக்காரு. உக்காந்து இன்னொருக்கா வாசி, வேற யார யாரயெல்லாம் எடுத்திருக்கான்?

ம். அவன் சரி. அவன் ரொம்ப சரி. கோல் காக்குற அந்தப் பய, ஆமா, அவனும் ஒத்துக்கலாம், கை நீட்டுனா பந்து தானா வந்து ஒட்டிக்கிடும். ம்… அந்தக் கொல்லத்துப் பையனை விட்டுட்டானா? சவம்! வருசம் பூரா மாடு மாதிரி ஓடுனானே அவன்! எல்லா டீம்லயும் நல்லா ஆடுனவனை ஒண்ணொண்ணாப் பொறுக்கி ஒரு டீம் கட்டுறதுதானே இந்த ஆலுஸ்டாரு? பொறுக்கும்போது அரிசிய விட்டுட்டுக் கல்லப் பொறுக்குனா எப்படி?

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, போன்ல எங்க குத்தணும்னும் தெரியாது. ஆனா பந்து தெரியும் கேட்டியா. பணகுடிலேருந்து கல்யாணம் ஆயி இங்க வந்தப்பம் எனக்கு மலையாளமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டு மனுசன் சாலைக் கடையில மூட்டை எறக்கிட்டு வந்து, சாயங்காலம் ஒரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிருவாரு. தனியா இருக்கப் பயந்து நானும் பின்னாலயே போவேன். அப்படி ஒட்டுன பைத்தியம்.

இதே கூத்து முன்னால ஒருக்கா நடந்திச்சு. நீ அப்பம் இந்தத் தெருவுக்கு வரல்ல. உன் வீட்டுக்கு எதிர்த்த வீடு, இப்பம் செந்தி தனியா இருக்கானே, அவன் அப்பா இருந்தாவ. நான் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன், தெருவே அப்படித்தான் கூப்பிடும். சின்ன வயசுல பெரிய ஆட்டக்காரரு. ஆபீஸு டீமுக்கு ஆடி, ஆட்டத்துக்காகவே வேலை குடுத்து, அப்படி ரிட்டேரானவிய. நல்ல உசரம். வேட்டிய மடிச்சுக் கட்டுனா பின்னங்கால் சதை ரெண்டும் தேங்கா மாதிரி உருண்டு நிக்கும். என்னத்துக்குடி சிரிக்க? கண்ணுல பட்டதைச் சொல்லுதேன்.

அண்ணாச்சிக்கு ஒரு சொல்லு உண்டு. எதுக்கெடுத்தாலும் அதான். "நம்ம ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டான்."

இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நான் புரிஞ்சுக்கிட்டது லாரித் தண்ணி வந்தப்பம். பைப்பு எங்கயோ பொட்டித் தெறிச்சு தெருவுக்கே தண்ணி இல்ல. லாரி வந்தா அடிதடி. அண்ணாச்சி எறங்கி நின்னாவ பாரு, அம்புட்டுப் பேரும் கப்சிப். வரிசை கட்டி, குழாயைக் கையில பிடிச்சு, குடத்துக்குக் குடம் அவியளே ரொப்புனாவ. அவிய பொண்டாட்டி, எனக்கு மதினி முறை, முன்னாலேயே வந்து நின்னவ. அவ குடத்தைக் காலாலே பைய ஓரமாத் தள்ளி வச்சிட்டு, அடுத்த ஆளு, அடுத்த ஆளுன்னு போறாவ. கடைசில மதினி குடத்துக்குக் குழாயை வச்சா, 'புர்'ருன்னு காத்து வருது! தண்ணி தீந்து போச்சு. தெருவே சிரிக்குது. அண்ணாச்சியும் சிரிக்காவ. "நம்ம ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டா"ன்னாவ. மதினி பொறவாசல் வழியா வந்து என்கிட்ட ஒரு குடம் வாங்கிட்டுப் போனா. "உங்க அண்ணாச்சிக்கு ஊருப் பெருமை, எனக்கு ஊருத் தண்ணி"ன்னா. நானும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

அன்னைக்கு எல்லாம் சிரிப்பாத்தான் இருந்திச்சு, கேட்டியா.

பிள்ளையார் கோயில் சதுர்த்திச் சாப்பாட்டுல பாயசம் விளம்புறது எப்பவும் அண்ணாச்சிதான். வேற ஆளு விளம்புனா தெரிஞ்ச மூஞ்சிக்கு ரெண்டு கரண்டி, தெரியாத மூஞ்சிக்கு அரைக் கரண்டி. அண்ணாச்சி கையில எல்லாருக்கும் ஒரே அளவு. செந்தி அப்பம் இத்துனூண்டு இருந்தான், என் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். இலையில போளிய நல்லாப் பிச்சுப்போட்டு, பாயசம் வந்ததும் ஊத்திப் பிசையணும்னு விரலை விரிச்சு வச்சிக்கிட்டு ரெடியா இருக்கான். அண்ணாச்சி வந்தாவ. எனக்கு ஊத்துனாவ. அவனைத் தாண்டி அந்தப் பக்கத்துக்காரிக்கு ஊத்துனாவ. போயிட்டாவ! பையன் அப்பா முதுகையே பாக்கான். நான் "அண்ணாச்சி, செந்திக்கு"ன்னு கத்துனேன். "நம்ம ஆளு எங்க போயிருவான், கடைசில வாரேன்"ன்னாவ. கடைசில உருளியச் சொரண்டுற சத்தம்தான் வந்திச்சு. என் இலையிலேருந்து வழிச்சு அவன் போளியில விட்டேன். அழல்ல அவன். அதான் எனக்கு என்னமோ போல இருந்திச்சு. அழற வயசுல அழாத பிள்ளைய நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல.

அந்தப் பிள்ளைதான் வளந்து சம்பளத்துக்கு ஆடுற லீக்குல ஆடுனான். இடது பக்கத்து பேக்கு, பின்னால நின்னு தடுக்கவன். எதிராளி அந்தப் பக்கமா வந்தாம்னா சுவருல முட்டுனது மாதிரிதான். இடிக்க மாட்டான், விழ மாட்டான், நடிக்க மாட்டான். பந்தை மட்டும் பல்லுல சிக்குன நாரு மாதிரி நைசா எடுத்துட்டுப் போயிருவான். டீவிக்காரன் காட்டுறது கோல் அடிச்சவனைத்தானே, இவனை யாருக்குத் தெரியும்? பாக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்.

எனக்கு "மாவாச்சி"ன்னு பேரு வச்சது அவன்தான். முதச் சம்பளம் வாங்குனதும் இந்தக் கிரைண்டரு வாங்கித் தந்தான், பாரு, இப்பமும் சுத்துது. அது வரைக்கும் ஆட்டுரல்லதான் என் இடுப்பு ஒடிஞ்சிச்சு.

அப்பந்தான் இந்த ஆலுஸ்டாரு வந்திச்சு, நம்ம ஊரு ஸ்டேடியத்துல. முன்னால ஆடுறவனை ஜனங்க ஓட்டுப் போட்டு எடுக்கணும். பின்னால நிக்கவனை மூணு பழைய ஆட்டக்காரங்க உக்காந்து பேசி எடுக்கணும். அந்த மூணுல ஒண்ணு நம்ம அண்ணாச்சி. இடது பேக்குக்கு யாருன்னு டீக்கடையில பேச்சே கிடையாது. "செந்தி, பின்ன யாரு?" அவ்வளவுதான்.

அதுல ஒரு காரியம் இருந்திச்சு சரசு. அந்த வருசத்தோட செந்திக்கு டீம்ல ஒப்பந்தம் முடியுது. கொல்கத்தாவுலேருந்தும் கோவாவுலேருந்தும் பெரிய டீமுக்காரன் எல்லாம் அந்த ஒரு ஆட்டத்தைப் பாக்க வாரான், யாரைக் கொண்டுபோலாம்னு. இருவத்தெட்டு தாண்டுன ஆட்டக்காரனை ஊரு ஊராத் தேடிப் போயிப் பாக்க மாட்டானாம். அந்த ஒருநாள் கிரவுண்டுல நின்னாத்தான் உண்டு. மதினி என்கிட்டச் சொல்லிட்டு பிள்ளையாருக்குத் தேங்கா நேந்துக்கிட்டா.  செந்தி புது பூட்ஸு வாங்கி, எண்ணெய் போட்டு, துடைச்சுத் துடைச்சு வச்சான். அதை நான் பாத்தேன்.

ஒருநாள் காலையில மாவு குடுக்க நான் போனேன். மத்த ரெண்டு கமிட்டிக்காரனும் வந்து உக்காந்து காப்பி குடிக்கான். ரெண்டும் மலையாளத்து ஆளு, அண்ணாச்சி கூட ஆடுனவனுவ. நான் பாத்திரத்தை மாத்துற மாதிரி அடுக்களைல நின்னுக்கிட்டேன். மதினி என் பக்கத்துல, முந்தானைய வாயில கடிச்சுக்கிட்டு.

ஒருத்தன் சொல்லுதான், "சாரே, செந்தி தன்னே. ஞங்ஙள் ரெண்டாளும் பறஞ்ஞு கழிஞ்ஞு. நிங்ஙள் மிண்டாதிருந்தா மதி." செந்திதான்னு நாங்க ரெண்டு பேரும் சொல்லியாச்சு, நீங்க வாயத் திறக்காம இருந்தா போதும்னு.

இதை விட லேசா ஒரு காரியம் உலகத்துல உண்டா? சும்மா இருக்கணும். அவ்வளவுதான். காப்பியக் குடிச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணாச்சி தம்ளரைக் கீழ வச்சாவ. "நான் இருக்க கமிட்டியில என் மவன் பேரு வராது"ன்னாவ.

"அப்பம் நீங்க கமிட்டியை விட்டு ஒழிஞ்சிக்கிடுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்."

"ஒழிஞ்சா? மவனை உள்ள விடத்தான் அப்பன் வெளிய போனாம்னு சொல்ல மாட்டானா?"

"சொல்லட்டுமே! பையன் ஆடுனா வாய மூடிருவான்."

"இன்னொருத்தன் இருக்கான்லா? அவனைப் போடுங்க."

இன்னொருத்தன் யாரு தெரியுமா? பனியன் விளம்பரப் போர்டுல மாரைக் காட்டிக்கிட்டு கிழக்கேகோட்டைப் பக்கம் ஒசரமா நிப்பானே, அந்த ஆளு. ஒரு காலத்துல நல்லா ஆடுனவன், பொய் சொல்லப்பிடாது. அந்த வருசம் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னான். அது அந்த ரெண்டு பேருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கு அதை விட நல்லாத் தெரியும்.

வந்த ரெண்டு பேர்ல வயசு கம்மியானவன் சத்தம் போட்டான். "இது நியாயமா சாரே? யோக்கியதை இருக்கவனை எடுக்கத்தானே நம்மளை உக்கார வச்சிருக்கு?"

அண்ணாச்சி சிரிச்சிக்கிட்டுச் சொல்லுதாவ, "நம்ம ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டான்."

என் பக்கத்துல மதினி அப்படியே தரையில உக்காந்துட்டா. செந்தி நடு வாசல்ல நிக்கான். எப்பம் வந்தான்னு தெரியாது. ஓட்டத்துக்குப் போயிட்டு வந்தவன், வேர்வை சொட்டுது. அப்பாவைப் பாத்தான். பொறவு வந்தவங்களைப் பாத்து "காப்பி இன்னும் வேணுமா சார்?"னான். அம்புட்டுதான்.

ரெண்டு நாள் மதினி அடுப்பு பத்த வைக்கல்ல. நான்தான் இட்லி கொண்டுபோனேன். அண்ணாச்சி அதையும் சாப்பிட்டாவ. "ஒரு பேச்சு வந்திரப்பிடாதும்மா, இத்தன வருசம் காப்பாத்துன பேரு"ன்னு என்கிட்டச் சொன்னாவ. நான் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பெரிய மனுசன்.

மாட்சுக்கு நான் போனேன். விடுவனா? மருமவன் டிக்கெட்டு வாங்கித் தந்தான். ஐயோ, அந்த லைட்டும் மேளமும்! ஒரு பொட்டலம் கப்பலண்டி, அதான் வறுத்த நிலக்கடலை, வாங்கி மடியில கட்டிக்கிட்டு உக்காந்தா, பக்கத்துல வந்து உக்காருதான் செந்தி! கேலரியில, துட்டுக் குடுத்து. எனக்குக் கப்பலண்டி தொண்டையில நின்னுட்டு. "ஏம்ல மக்ளே, நீ எதுக்கு வந்த?"ன்னேன். "நல்ல ஆட்டம் மாவாச்சி, விட முடியுமா?"ன்னான். சிரிக்கான்.

பனியன்காரன் ஆடுனான். ஆடுனான்னா, நின்னான். எதிராளி அவன் பக்கமாவே வாரான், ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுபோச்சே. செந்தி கால் பக்கத்துல பாத்தேன். உக்காந்த இடத்துலயே அவன் காலு நகருது. பந்து அந்தப் பக்கம் வாரப்பல்லாம் இவன் இடதுகாலு முன்னால போவுது, பொறவு திரும்பி வருது. அவனுக்கே தெரியல்ல.

கீழ மெத்தை நாற்காலியில பெரிய ஆளுகளோட அண்ணாச்சி. பனியன்காரன் எப்பமோ ஒருக்கா பந்தைத் தட்டி வெளிய விட்டான், நான் கூடத் தட்டிருவேன் அதை. அண்ணாச்சி எந்திரிச்சு நின்னு கைதட்டுதாவ. அந்த வரிசையில அவிய ஒருத்தரு மட்டும்.

"மாவாச்சி, அப்பா கைதட்டுதாவ பாருங்க"ன்னான் செந்தி.

எனக்கு இப்பமும் அந்தக் குரல் கேக்குது சரசு. கோவமா சொல்லிருந்தா மறந்திருப்பேன். சின்னப் பிள்ளை எங்கயாவது அப்பாவைக் கண்டா பக்கத்துல இருக்கவளுக்குக் காட்டுமே, அது மாதிரி சொன்னான்.

பொறவு என்ன? பேப்பர்ல அண்ணாச்சியப் பத்தி எழுதுனான், சொந்த மவன்னும் பாக்காத மனுசன்னு. டீக்கடைக்காரன் சத்தமா வாசிச்சான். அண்ணாச்சி அந்த வாரம் பூரா டீ குடிக்கவே அந்த வழியா நாலு வாட்டி போனாவ. அந்தப் பேரு அவியளுக்கு சர்க்கரை மாதிரி, வாயில போட்டா எறங்கும்வரைக்கும் கண்ணு மூடிக்கும். நல்ல மனுசன்தான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தன் காசைத் தொட்டதில்ல, ஒருத்தனைக் கெடுத்ததில்ல. வீட்டு ஆளை மட்டும் கெடுத்தாவ. அதைக் கெடுதின்னு கணக்குல எடுக்க ஊருல ஆளு இல்ல.

செந்திக்கு ஒப்பந்தம் நீளல்ல. ஒரு பெரிய டீமும் கூப்பிடல்ல. விழிஞ்ஞத்துல துறைமுகம் வந்ததும் அங்க வேலைக்குச் சேந்துட்டான், கப்பல்லேருந்து எறங்குற பெட்டிய வண்டியில இழுத்துக்கிட்டுப் போற வேலை. ஞாயித்துக்கிழமை கடற்கரைப் பையமாரோட வெறுங்கால்ல ஆடுவான். அந்த பூட்ஸை யாருக்கோ குடுத்துட்டான்.

மதினி செத்துப்போனதுக்குப் பொறவுதான் அண்ணாச்சி மாறுனாவ. வீட்டுல மவனும் அவியளும் மட்டும். மவன் மரியாதையாத்தான் இருப்பான். மாத்திரை எடுத்துக் குடுப்பான், வேட்டி துவைச்சுப் போடுவான். பேசுறதுதான் ரெண்டு வார்த்தைக்கு மேல இல்ல. ஒருநாள் அண்ணாச்சி என் வாசல்ல வந்து நின்னாவ. "ஏம்மா, செந்திக்கு என் மேல கோவமா இருக்குமோ?"ன்னு கேட்டாவ. அன்னைக்குத்தான் கேக்கத் தோணிருக்கு பாரு! "அவன்கிட்டக் கேளுங்க அண்ணாச்சி"ன்னேன். தலையாட்டிக்கிட்டுப் போனாவ. கேட்ட மாதிரி தெரியல்ல.

அந்தச் சதுர்த்திக்கும் பாயசம் அவியதான். வயசாயிட்டு, வாளி தூக்க ஒரு ஆளு வேணும். பந்தி உக்காந்தாச்சு. எப்பவும் வலது பக்கத்துலேருந்துதானே தொடங்குவாவ? அன்னைக்கு வாளியோட நேரா நடுப் பந்திக்கு வாராவ. செந்தி முன்னால வந்து நின்னாவ. தெருவே பாக்குது. முதக் கரண்டி, நிறையக் கோரி, அவன் இலைக்கு மேல நீட்டுதாவ.

செந்தி போளியப் பிச்சுத்தான் வச்சிருந்தான். கையெடுத்து இலைக்கு மேல விரிச்சு மறைச்சான்.

"மத்தவங்களுக்கு விளம்புங்கப்பா. நம்ம ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டேன்."

சத்தமே இல்லாமச் சொன்னான், பக்கத்து இலையில இருந்த எனக்குத்தான் கேட்டிச்சு. அண்ணாச்சி கரண்டிய நீட்டுனபடியே நிக்காவ. அவன் கைப் பொறத்துல சொட்டுச் சொட்டா விழுது பாயசம், சூடு. அவன் கைய எடுக்கல்ல. பொறவு யாரோ "அண்ணாச்சி, இந்தப் பக்கம்"னு கூப்பிட்டாவ. போயிட்டாவ. அடுத்த சதுர்த்திக்கு அண்ணாச்சி இல்ல. நெஞ்சுவலி, ஆசுபத்திரி எட்டுறதுக்கு முன்னால முடிஞ்சிட்டு.

போன வாவுக்கு எங்க வீட்டு மனுசனுக்குப் பலி போட என் மவனோட திருவல்லத்து ஆத்தங்கரைக்குப் போயிருந்தேன். பக்கத்து இலை செந்தியோடது. முங்கி எந்திரிச்சு, எள்ளும் சோறும் உருட்டி வச்சு, ஈரக்கையத் தட்டிக் காக்காயைக் கூப்பிடணும்லா? எங்க வீட்டுக்காரரு இருக்காரே, தட்டுறதுக்கு முன்னாலயே வந்து கொத்திட்டாரு. உசுரோட இருந்தப்பமும் அப்படித்தான், சாப்பாட்டுக்குக் காத்துக்கிட மாட்டாரு. செந்தி தட்டுதான், தட்டுதான், ஒண்ணும் வரல்ல. ஒரு பெரிய காக்கா, நல்ல உசரமா, எல்லார் இலைக்கும் போவுது. அந்தக் கிழவி இலை, அந்தச் சின்னப் பிள்ளை இலை, ஆரோ கொல்லத்துக்காரன் இலை. இவன் இலையத் தாண்டித் தாண்டிப் போவுது. எல்லாரும் எந்திரிச்சுப் போயாச்சு. இவன் முட்டி போட்டுத் தட்டிக்கிட்டே இருக்கான், உள்ளங்கை செவந்துபோச்சு. கடைசில வந்திச்சு பாரு. ஒரே ஒரு கொத்து.

"மாவாச்சி, பாத்தியளா? ஊருக்கெல்லாம் முடிச்சிட்டுத்தான் வாராவ"ன்னான். சிரிச்சான். ஈரக்கையால மூஞ்சியத் தொடச்சான். ஆத்துத்தண்ணியா வேற என்னமோவா, நான் பாக்கல்ல, நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கேட்டிருக்கலாம்டி அந்த மனுசன். ஒரு வார்த்தை, "கோவமா மக்ளே?"ன்னு. அவன் ஆமான்னு சொல்லிருப்பான். ரெண்டு பேரும் சண்டை போட்டு, அழுது, சோறு தின்னுருப்பாங்க.

எட்டி, பேச்சுல மறந்துட்டேன் பாரு, மாவு பொங்கிக் கல்லை விட்டு வெளிய வருது! அந்த சுவிச்சை அணை. அணைச்சியா? அந்த எவர்சில்வர் தூக்கை எடு, அதில்ல, மூடி போட்டது, செந்தியோடது. டூட்டி முடிஞ்சு இப்பம் வருவான், முத மாவு அவனுக்குத்தான் எடுக்கணும். உன் பாத்திரத்தை அந்த ஓரமா வை சரசு, வாசல்ல நிக்கவங்களுக்கும் ஊத்திட்டு வாரேன். நீ நம்ம ஆளுதானே, கோவிச்சுக்காத.